பத்து டாலர் பிடித்தம்

குளியல் துண்டில் சுற்றித்தான் பெரும்பாலும் வரும். அன்றும் அப்படித்தான். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, பேரனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, பொட்டலத்தை என் மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு ஸ்பென்சர் கார்பைன், குதிரைப்படையினர் வைத்திருந்த குட்டைத் துப்பாக்கி. "எங்க கொள்ளுத்தாத்தா 4ஆம் மிச்சிகன் குதிரைப்படை. ஜெஃபர்சன் டேவிஸைப் பிடிச்சப்போ அவர் கையில இருந்தது இதுதான்" என்றார்.

மிச்சிகனில் பழைய ஆயுதங்களைப் பழுதுபார்த்து, பராமரித்து, மதிப்பிட்டுக் கொடுப்பது என் தொழில். இந்த டேவிஸ் கதை எனக்குப் பழக்கமானது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்தரப்பின் தலைவர் அவர். 1865 மே 10 அன்று விடியற்காலை, ஜார்ஜியாவில் இர்வின்வில் அருகே 4ஆம் மிச்சிகன் படை அவரைப் பிடித்தது. அந்தப் பிரிவில் மூதாதை ஒருவர் இருந்துவிட்டால் போதும், தலைமுறைகள் கழித்து அவர் அன்றைக்கு அங்கே நின்றவராகிவிடுவார்.

கதைக்குப் பதில் சொல்லாமல் முதலில் குழல்வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் பலவற்றில் குழலைச் சோதித்தால் தோட்டா இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஸ்பென்சரில் அது போதாது. தோள்கட்டைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு தகரக் குழாயில் ஏழு தோட்டாக்கள் வரிசையாக நிற்கும். விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை ஒருமுறை இறக்கி ஏற்றினால் ஒரு தோட்டா மேலே வரும். குழாயை மெதுவாக உருவினேன். பச்சை பூத்த செப்புத் தோட்டாக்கள் இரண்டு பின்னாலேயே வழுக்கி வந்தன. பேரன் முகம் வெளுத்துவிட்டது. முந்தின ஞாயிறுதான் வரவேற்பறையில் உட்கார்ந்து அந்த நெம்புகோலை ஆட்டிப் பார்த்திருக்கிறான்.

இந்தத் தோட்டாக்களில், அடிபட்டதும் பற்றிக்கொள்ளும் நெருப்புமருந்து அடிவிளிம்பிலேயே இருக்கும். நூற்றைம்பது வருடம் ஆனாலும் செத்துவிட்டதாக நம்பக் கூடாது. பரணில் பழைய துப்பாக்கி கிடைத்தால் நெம்பாதீர்கள், குத்தாதீர்கள், உள்ளே சிக்கியிருப்பதைக் கம்பி விட்டு எடுக்காதீர்கள். தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து கண்ணில் பட்டது வலப்பக்கம். விசைப்பெட்டித் தகடு பளபளவென்று மின்னியது. பேரன் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை வைத்துத் தேய்த்திருக்கிறான். பாட்டி சத்தம் போட்டதால் இடப்பக்கம் பிழைத்தது. இரும்பின்மேல் படிந்த அந்தக் காப்பிநிறப் படலத்தை அழுக்கு என்று நினைக்கிறார்கள். அது கீழேயுள்ள இரும்புக்குப் போர்வை. அதை உரித்துவிட்டால் இரும்பு மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கும், விலையும் சரியும். மரக்கட்டையை உப்புத்தாளால் இழைத்து வார்னிஷ் அடிப்பது அதைவிட மோசம். கட்டையின் இடப்பக்கத்தில்தான் ஆய்வாளரின் முத்திரை மெல்லிய பள்ளமாகப் பதிந்திருக்கும். நாலு தேய்ப்பில் போய்விடும்.

அந்த இடப்பக்கத்தைத்தான் நான் விளக்கைச் சாய்த்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். நான் தேடியது இல்லாத ஒன்றை. போர் முடிந்தபின் அரசு தன்னிடமிருந்த ஸ்பென்சர்களில் ஒரு பகுதியை ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலைக்கு அனுப்பிப் புதுப்பித்தது. குழலுக்குள் ஓர் உறை செருகி வாயைச் சிறிதாக்கினார்கள். குழலின் உட்சுவரில் தோட்டாவைச் சுழற்றிவிடும் பள்ளவரிகள் ஆறு இருந்த இடத்தில் மூன்று வந்தது. விசைக்கு முன்னால் 'ஸ்டேப்ளர் கட்-ஆஃப்' என்ற சின்னத் துண்டைப் பொருத்தினார்கள். அதைத் திருப்பினால் துப்பாக்கி ஒற்றைத் தோட்டா துப்பாக்கியாகிவிடும். வேலை முடிந்ததும் கட்டையில் நீள்வட்டத்துக்குள் 'ஈ.எஸ்.ஏ.' என்று முத்திரை குத்தினார்கள். அங்கே தலைமை ஆயுதக் கொல்லராக இருந்த எர்ஸ்கின் எஸ். ஆலினின் முதலெழுத்துகள் அவை.

அந்த முத்திரை இருந்தால், 1865இல் வீட்டுக்குப் போன சிப்பாய் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போகவில்லை என்று அர்த்தம். அது அரசுக் கிடங்கில் இருந்திருக்கிறது. பின்னால் ராணுவம் கழித்துப்போட்ட சரக்கை விற்ற வியாபாரிகள் வழியாக யாரோ வாங்கியிருப்பார்கள். தாத்தா வாங்கினார் என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் போரிலிருந்து கொண்டுவந்தார் என்பது பொய். இந்த முத்திரையைக் காட்டி நான் உடைத்த குடும்பக் கதைகள் கொஞ்சநஞ்சமல்ல.

இவர்களுடையதில் ஈ.எஸ்.ஏ. இல்லை, கட்-ஆஃப் இல்லை, வாயில் ஆறு வரி. சரி, மேலே போகலாம் என்று அப்புறம்தான் காகிதத்துக்கு வந்தேன்.

எண் இருக்கிறதே, அதை வைத்துச் சிப்பாயைக் கண்டுபிடிக்க முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்பென்சரின் உலோக உடலின் மேற்பக்கம், பின்கோடியில் எண் இருக்கும். ஆனால் எந்த எண் எந்தச் சிப்பாய்க்கு என்று அன்றைய அரசு முறையாகப் பதிவு வைக்கவில்லை. சில கம்பெனி அதிகாரிகள் தங்கள் புத்தகத்தில் குறித்தார்கள். தொலைந்தது, உடைந்தது என்று கணக்குக் காட்டியபோது சில எண்கள் ஏறின. வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அப்படித் தேடி எடுத்த எண்களுக்குப் பட்டியல்கள் உண்டு. உங்கள் எண் அதில் அப்படியே இருந்தால் யோகம். 'பக்கத்து எண் இன்ன படைக்குப் போனது' என்று எழுதிக் கொடுத்து விலையை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்து எண் பக்கத்து எண்தான். உங்கள் துப்பாக்கியைப் பற்றி அது எதையும் நிரூபிக்காது.

இவர்கள் எண் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் சிப்பாயின் பணிப் பதிவுகளைக் காப்பகத்திலிருந்து வரவழைத்தோம். டேவிஸைப் பிடிப்பதற்கு அறிவித்த லட்சம் டாலர் வெகுமதியை 1868இல் அமெரிக்க நாடாளுமன்றம் பங்கிட்டுக் கொடுத்தது. பங்கு கிடைக்குமென்றால் யார் விடுவார்கள்? அதனால் அன்றைக்கு அங்கே இருந்தவர்களின் பெயர்கள் பட்டியலாக நிற்கின்றன. இவர் பெயர் அதில் இல்லை. அந்த மே மாதம் அவர் நாஷ்வில்லில் ராணுவ மருத்துவமனையில், வயிற்றுப்போக்கோடு படுத்திருந்தார்.

அந்த அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்து, பதிவுகளில் இன்னொரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். 1865 மே 30 அன்று வந்த 101ஆம் எண் பொது ஆணை, வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் தங்கள் ஆயுதத்தை விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றது. மஸ்கெட் என்ற நீளக் குழல் துப்பாக்கிக்கு 6 டாலர், வாளுக்கு 3, மற்றக் கார்பைன்களுக்கு 8, ஸ்பென்சருக்கு மட்டும் 10. விடுவிப்புப் பதிவில் 'ஆயுதங்களுக்காக அரசுக்குத் தர வேண்டியது' என்ற இடத்தில் அவருக்கு நேரே எழுதியிருந்தது 10 டாலர்.

இதற்காக, அவர் வாங்கியது இந்தத் துப்பாக்கிதான் என்று நிரூபணமாகிவிட்டதாக நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் ஸ்பென்சர் விலைக்கு ஆயுதம் ஒன்றை எடுத்துப் போனார், இந்தத் துப்பாக்கி அரசுப் பட்டறைக்குத் திரும்பிப் போகவில்லை, அவர் வழி வந்த வீட்டில் இருக்கிறது. இவ்வளவுதான் அறிக்கையில் இருக்கிறது. 'பொருந்துகிறது' என்ற சொல்லுக்கும் 'உறுதி' என்ற சொல்லுக்கும் நடுவே ஏலக்கடையில் பெரிய தொகை புரளும். உங்கள் மதிப்பீட்டாளர் எந்தச் சொல்லைப் போடுகிறார் என்று பாருங்கள்.

இன்னொரு ரகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் ஏமாற்று அதிகம். 1873 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன். 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் பூர்வகுடிகளிடம் தோற்ற அமெரிக்கத் தளபதி கஸ்டரின் 7ஆம் குதிரைப்படை வைத்திருந்தது இந்த வகை. அந்தத் தேதிக்கு முன் செய்ததென்றால் விலை எகிறும் என்பதால், 32 அங்குலத்துக்கு மேல் இருக்கும் ரைஃபிள் குழலை 22 அங்குலத்துக்கு வெட்டிக் கார்பைன் என்று விற்கிறார்கள். கட்டையின் அடியில் குழல் துடைக்கும் கம்பியைச் செருகும் பள்ளத்தை மரத்துண்டால் அடைத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். அசல் கார்பைன் கட்டையில் அந்தப் பள்ளமே கிடையாது. 1983இல் அந்தப் போர்க்களத்தில் புல் எரிந்தபின் 1984, 85இல் தோண்டியவர்கள், காலித் தோட்டாக்களில் அடியூசி (தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி) பதித்த தடத்தை வைத்துத் தனித்தனித் துப்பாக்கிகளையே பிரித்தறிந்தார்கள். ஆகவே பழைய அடியூசி தேய்ந்துவிட்டது என்று புதிதாக மாற்றிவிட்டால், உங்கள் துப்பாக்கியின் கைரேகையை நீங்களே அழித்தமாதிரி.

சட்டம் பற்றி ஒரு வரி: 1898 அல்லது அதற்கு முன் செய்ததை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தொல்பொருளாகப் பார்க்கிறது. அந்தச் சலுகை அந்த நாட்டுக்குள்தான், விமானம் ஏறி வராது. நினைவுப்பொருள்தானே என்று ஊருக்குப் பெட்டியில் போட்டு அனுப்ப நினைத்து என்னிடம் கேட்ட நண்பர்கள் உண்டு.

தேய்த்த பக்கத்தில் புதுத் துருவை நிறுத்தி மெழுகு பூசினேன். தோல் உறை வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்று சொல்லி, அமிலமில்லாத பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். மூடுவதற்கு முன் அந்த அம்மா கேட்டார், "பத்து டாலர் அப்போ பெரிய காசா?" சாதாரணச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 16 டாலர் என்றேன்.

"படுத்த படுக்கையா இருந்தவர், பாதிச் சம்பளத்துக்கு மேல குடுத்தா வாங்கினார்?" என்று பேரனைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, பதிவின் நகலுக்குப் பின்னால் தன் அப்பா சொன்ன டேவிஸ் கதையையும் எழுதி, 'இது நடக்கவில்லை' என்று கீழே குறித்து, தேதியும் கையெழுத்தும் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்தார்.