முந்திரி மரம் சாய்ந்தால் டாலர் வெளியே போகும்

கடலூர் மாவட்டத்தில் இருபது வருடமாக வங்கியில் விவசாயக் கடன் பார்க்கிறேன். நிலையான வளர்ச்சி இலக்குகள் என்று பேச்செடுத்தாலே, அது ஐ.நா. சமாச்சாரம், நமக்கென்ன என்று பலர் நகர்ந்துவிடுகிறார்கள். 2015இல் 193 நாடுகள் ஏற்ற 17 இலக்குகள், 2030 கெடு. சரி, அதை எங்கள் மாவட்டத்தில் முந்திரி விளையும் பண்ருட்டியில் வைத்துப் பார்ப்போம்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. நாலைந்து நாள் கழித்து ஒரு தோப்புக்குப் போனேன். முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. வேரில் செம்மண் ஈரம் காயாமல் ஒட்டியிருந்தது. தோப்புக்காரர் சொன்னார்: "அப்பா வச்ச மரம் சார். இனி ஒட்டுக் கன்னு வச்சாலும் காய்ப்புக்கு வர மூணு நாலு வருசம். அதுவரைக்கும் பேங்குக்கு என்னத்தக் கட்டுறது?"

தவணையைத் தள்ளிவைத்துக் கொடுத்தோம். வருமானமே இல்லாதவருக்கு அது எத்தனை நாள் தாங்கும்? அடுத்த மாதம் அவர் வீட்டு நகை எங்கள் கவுண்டருக்கு வந்தது.

தோப்பு போனாலும் கொட்டை உடைக்கும் ஆலை ஓட வேண்டுமே. நம் நாட்டு விளைச்சல் ஆலைகளுக்குப் போதாமல் ஐவரி கோஸ்ட், கானா போன்ற நாடுகளிலிருந்து முந்திரிக்கொட்டை வருகிறது. விலை டாலரில். கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டு விரல் வெந்துவிடாமல் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைக்கிறார்களே நம் பெண்கள், ரூபாய் சரிந்தால் அவர்களுடைய வேலைநாள்தான் முதலில் குறையும். அந்த நாடுகளும் இப்போது தாங்களே உடைத்துப் பருப்பாக விற்கப் பார்க்கின்றன. அப்புறம் எங்கே போய் வாங்குவது?

பருவநிலை பற்றிய 13ஆம் இலக்கும், கண்ணியமான வேலை பற்றிய 8ஆம் இலக்கும் எனக்குக் கடன் பேரேட்டிலேயே தெரிவது இதனால்தான். தோப்புகள் சாய்ந்தால் வாராக்கடன், இறக்குமதிச் செலவு, அரசின் நிவாரணச் செலவு மூன்றும் சேர்ந்து ஏறும். நாட்டின் பொருளாதாரப் பாதுகாப்பு என்று நான் புரிந்துகொண்டது இதைத்தான்.

புதிதாக முந்திரி வைப்பவர்களிடம் கவாத்து செய்து மரத்தை உயரவிடாமல் வளர்க்கச் சொல்கிறேன். காற்று வரும் பக்கம் சவுக்கு வரிசை, இளம் தோப்பில் மல்லாட்டை (நிலக்கடலை) ஊடுபயிர். இன்னொன்று, உங்கள் மரங்கள் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கில், ஏறியிருக்கின்றனவா என்று இந்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். தானேக்குப் பிறகு, மரம் விழுந்தும் அடங்கலில் பதிவில்லாததால் நிவாரணத்துக்கு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குத்தகைக்குப் பிடித்தவர்கள் பாடு இன்னும் மோசம்.