பல்லுள்ள வாய், பல்லில்லாத வாய்

பினாங்கின் ஜார்ஜ்டவுன் பக்கம் போனால் ரொட்டி பெங்காலி என்னும் முழுரொட்டி ஒன்று வாங்காமல் நான் வீடு திரும்புவதில்லை. அதை அறுப்பதற்கென்றே எங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டில் ஒரு பல்கத்தி, ரம்பம் போல் பல் வைத்த கத்தி, இருக்கிறது. அம்மா வாங்கியது, வயது இருபதுக்கு மேல். இதுவரை சாணை கண்டதில்லை, ஆனாலும் இன்றைக்கும் அறுக்கிறது. அதன் பக்கத்தில் தொங்கும் காய்கறிக் கத்தியோ, மாதம் ஒருமுறை கல்லில் தீட்டாவிட்டால் தக்காளித் தோலில் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டும் பசாரில் வாங்கிய சாதாரணக் கத்திகள்தான். ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்த ஆயுசு?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நன்றாகத் தீட்டிய கத்தியின் வெட்டுவாய் ஏறக்குறைய 1 மைக்ரான் அகலம் என்று வைத்துக்கொள்வோம். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கத்தியில் 5 சென்டிமீட்டர் நீளம் காயில் படுகிறது, நாம் ஒரு கிலோ எடை வைத்தது போல் அழுத்துகிறோம். அந்த 10 நியூட்டன் விசை மொத்தமும் இறங்குவது 0.05 சதுர மில்லிமீட்டர் இடத்தில். அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் 2000 மடங்கு ஆகிவிடுகிறது. அதே கத்தி மழுங்கி வாய் 20 மைக்ரான் ஆனால், அழுத்தம் 100 மடங்குக்கு இறங்கிவிடும். கை அதேதான், பலமும் அதேதான். தக்காளித் தோல் மட்டும் கிழிய மறுக்கிறது.

இப்போது அதே மழுங்கல் கத்திக்குப் பல் வைப்போம். 5 சென்டிமீட்டருக்குள் பத்துப் பற்கள், ஒவ்வொன்றின் நுனியும் 0.2 மில்லிமீட்டர். முதலில் பொருளில் படுவது இந்த நுனிகள் மட்டும்தான். 50 மில்லிமீட்டரில் பரவிய விசை 2 மில்லிமீட்டருக்குள் குவிகிறது. வாய் 20 மைக்ரான் மழுங்கியே இருந்தாலும் அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் 2500 மடங்கு! நிஜக் கத்தியில் எண்கள் முன்னே பின்னே இருக்கும். ஆனால் அம்மாவின் பல்கத்தியைக் காப்பாற்றுவது இந்தக் கணக்குதான். இன்னொன்றும் உண்டு. பலகையில் இடிபடுவது பல்லின் நுனி மட்டுமே. இரண்டு பற்களுக்கு நடுவே உள்ளே வளைந்திருக்கும் பள்ளமும் கூர்தான், அது பலகையைத் தொடுவதே இல்லை. அதனால் நுனி தேய்ந்தாலும் பள்ளம் அறுத்துக்கொண்டிருக்கும். பீங்கான் தட்டில் வைத்து இறைச்சி அறுக்கும் மேசைக் கத்திகளுக்குப் பல் வைப்பதும் இதற்காகத்தான். பீங்கானின் மேற்பூச்சு எஃகைவிடக் கடினம், நேர்வாய்க் கத்தியை நாலே நாளில் மொட்டையாக்கிவிடும்.

சரி, அப்படியென்றால் எல்லாக் கத்திக்கும் பல் வைத்துவிடலாமே? முடியாது. கத்தி கூராக இருக்கிறதா என்பது கேள்வியில் பாதிதான். வாய் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது மீதிப் பாதி.

கத்தியை நேராகக் கீழே அழுத்துவது ஒன்று, அழுத்திக்கொண்டே முன்னும் பின்னும் இழுப்பது இன்னொன்று. மென்மையான பொருளை இழுத்து அறுக்கும்போது கீழ்நோக்கி வேண்டிய விசை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 2012இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எல். மகாதேவனும் அவர் குழுவினரும் கடற்பாசியில் செய்யும் அகர் கூழை மெல்லிய கம்பியால் அறுத்து இதை அளந்தார்கள். கம்பி பக்கவாட்டில் ஓடும்போது கூழின் மேற்பரப்பு இழுபட்டு, முதல் விரிசல் சுலபமாக விழுகிறது. விரிசல் விழுந்துவிட்டால் அப்புறம் வேலை எளிது. நாம் தினமும் சமையலறையில் செய்வதுதான், இயற்பியல் காரணம் மட்டும் தாமதமாக வந்து சேர்ந்தது.

ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே காய்ந்த தோல், உள்ளே காற்றறைகள் நிரம்பிய பஞ்சு. அழுத்தினால் தோல் உடைவதற்கு முன்பே பஞ்சு நசுங்கிவிடும். பல்கத்தியோ தோலில் குத்திப் பிடித்துக்கொள்கிறது, நம் கை இழுப்பு அதைக் கிழிக்கிறது, கீழ்நோக்கிய அழுத்தம் கத்தியின் எடையளவே போதும். தக்காளியிலும் இதே கதைதான்: வழுக்கும் உறுதியான தோல், அதற்குக் கீழே சதைக் குழம்பு. கயிறு, நார், அட்டைப்பெட்டி, காரின் இருக்கைப் பட்டை எல்லாம் இதே குடும்பம். ஒவ்வோர் இழையையும் பிடித்து இழுத்து அறுக்க வேண்டியவை.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. பனைமட்டையின் இருபுறமும் இருக்கும் ரம்பப் பல்லுக்குத் தமிழில் கருக்கு என்று பெயர். நெற்கதிர் அறுக்கும் அரிவாளுக்கும் அதே பல், அதனால் அது கருக்கரிவாள். வழுக்கும் தாள்களைக் கைப்பிடியாகச் சேர்த்து இழுத்து அறுப்பதற்கு வேறு எந்த வாயும் இவ்வளவு சரியாக வராது. ‘செரேட்டட்’ என்று ஆங்கிலத்தில் தேடிக் கடைக்காரரிடம் விளக்குவதைவிட, கருக்கு வைத்த கத்தி என்று கேட்கலாம். அவருக்குப் புரிகிறதா என்பது வேறு விஷயம்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது பால்மரம் வெட்டும் கத்தி, அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் கத்தி. என் பாட்டி கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் வெட்டியவர். விடியுமுன் கிளம்பும் பாட்டி, முந்தின சாயங்காலமே கத்தியைத் தீட்டி வைத்துவிடுவார், ஒருநாள்கூடத் தவறாது. ஏன் என்று வளர்ந்த பிறகுதான் விளங்கியது. பட்டையை ஒவ்வொரு முறையும் 1 மில்லிமீட்டர் சொச்சம்தான் சீவ வேண்டும். பால் ஓடும் நுண்குழாய்கள் மரத்தின் வளர்படலத்தை, அதாவது பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் புது அடுக்குகள் வளரும் படலத்தை, ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆழம் குறைந்தால் பால் குறையும், கூடிப்போனால் வளர்படலத்தில் காயம் விழுந்து, மறுபடி வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். இப்படி ஒரே கோட்டில் மெல்லிசாகச் சீவிச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் வகுத்தவர் அதன் இயக்குநர் ரிட்லி. மலாயாவின் ரப்பர் காலம் முழுக்க அந்த மெல்லிய சீவலின் மேல்தான் நின்றது.

பாட்டி கத்தியைத் தன் பக்கம் இழுத்துத்தான் வெட்டுவார். அப்படியானால் பல் வைத்த கத்தி உதவியிருக்குமா? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கை இழுத்தாலும், வெட்டுவாய் பட்டைக்குள் நேராக முன்னேறிப் போகிறது, தச்சரின் இழைப்புளி போல. வாயின் நீளவாக்கில் ஓட்டமே இல்லை. பல் இருந்தால் ஒவ்வொரு பல்லும் ஒரு பள்ளம் பறிக்கும், பட்டை குதறிப்போகும். மீன் வயிற்றைக் கீறுவது, மாங்காய்த் தோலைச் சீவுவது, குச்சியைக் கூராக்குவது எல்லாம் இந்த வகைதான். வெங்காயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: பல்கத்தியால் நறுக்கினால் செல்கள் கூடுதலாகச் சிதையும், கண்ணீரும் கூடும்.

ஒரு ரகசியமும் சொல்ல வேண்டும். பல்லே இல்லாத கத்தி உலகில் கிடையாது. நேர்வாய்க் கத்தியை நுண்நோக்கியில் பார்த்தால், தீட்டிய கல்லின் துகள்கள் கீறிவிட்ட நுண்பற்கள் வரிசையாகத் தெரியும். 400 எண் கல்லில் தீட்டினால் பற்கள் பெரிது, அந்தக் கத்தி தக்காளியையும் கயிற்றையும் நன்றாகக் கடித்து இழுக்கும். 5000 எண் கல்வரை போனால் பற்கள் மிகவும் பொடியாகி, அழுத்தி வெட்டுவதற்கு அருமையாக இருக்கும், தக்காளியில் கொஞ்சம் வழுக்கும். கண்ணாடி போல் பளபளக்கத் தீட்டிவிட்டு ‘கத்தி பிடிக்கவில்லையே’ என்று புலம்புபவர்கள் 1000 எண்ணோடு நிறுத்திப் பார்க்கலாம். என் காய்கறிக் கத்திக்கு அதுதான் பொருந்துகிறது.

இந்த நுண்வாய் எவ்வளவு சுலபமாகப் பழுதாகிறது என்பதற்கு, 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சவரக் கத்தியை வைத்துச் செய்த சோதனை நல்ல சாட்சி. முடியைவிட எஃகு 50 மடங்கு கடினம். ஆனாலும் முடி ஒரு கோணத்தில் வளைந்து பட்டால், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் வாய் துளியாக உடைந்துவிடுகிறது. முடிக்கே அந்தக் கதி என்றால் பலகையில் தினமும் இடிபடும் கத்தியை என்ன சொல்ல?

தீட்டுவதில்தான் பல்கத்தி பழிவாங்கும். பெரும்பாலான பல்கத்திகளில் ஒரு பக்கம் மட்டுமே பள்ளம் கடைந்திருக்கும், மறுபக்கம் தட்டை. ரொட்டித் துண்டு கோணலாக வருவதற்கு இதுவும் காரணம், கத்தி ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகும். தீட்ட வேண்டுமானால், பள்ளத்தின் அளவுக்கேற்ற உருளை அரத்தை ஒவ்வொரு பள்ளத்திலும் தனித்தனியாக நாலு தேய்ப்பு தேய்த்து, மறுபக்கத்தில் எழும் பிசிரைக் கல்லில் லேசாக எடுத்துவிட வேண்டும். எங்களிடம் முன்பு இன்னொரு பல்கத்தி இருந்தது. சாணை பிடிப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். சக்கரத்தில் வைத்து ஒரே இழுப்பு, பல் அத்தனையும் போச்சு. பொக்கை வாயோடு திரும்பி வந்த அது இப்போது வாழையிலை நறுக்குகிறது, அதையும் சரியாகச் செய்வதில்லை.

வெளியில் போகும்போது எது? தெலுக் பஹாங்கில் தேசியப் பூங்காவுக்குள் நடந்து கெராச்சுட் கடற்கரையில் ஓர் இரவு தங்கினோம். கொண்டுபோனது பாதி நேர்வாய், பாதி கருக்கு வைத்த மடக்குக் கத்தி. இரண்டுக்கும் ஆயிற்று என்ற கணக்கு. நனைந்த நைலான் கயிற்றை நாலு இழுப்பில் அறுத்தது, சந்தோஷம். கூடாரத்துக்கு ஆப்பு சீவ உட்கார்ந்தபோதுதான் வினை. மரம் சீவப் பலம் வேண்டிய இடம் கைப்பிடியை ஒட்டிய பகுதி. இந்தக் கத்திகளில் பெரும்பாலும் கருக்கு வைப்பதும் அங்கேதான். பல் மரத்தில் மாட்டிக்கொண்டு, விடுபடும்போது கத்தி விருட்டென்று பாய்ந்தது. கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

பல நாள் காட்டில் இருப்பதானால் நேர்வாய்தான் என் தேர்வு. மழுங்கினால் ஆற்றங்கரையின் வழவழப்பான கல்லிலேயே ஒருவாறு தீட்டிக்கொள்ளலாம். படகில் போகிறவருக்கும் மீட்புப் பணியில் இருப்பவருக்கும் கருக்கு. கழுத்தை நெரிக்கும் கயிற்றின் முன்னால் கத்தி கடைசியாக எப்போது தீட்டப்பட்டது என்று பார்க்க நேரம் இருக்காது. தேங்காய்க்கும் புதருக்கும் பாராங் என்னும் நீண்ட வெட்டுக்கத்தி இருக்கிறது, அது ஓங்கி வெட்டும் வேலை, அங்கே பல்லுக்கு வேலையே இல்லை. பாலிக் புலாவ் டுரியானுக்கோ கூரே தேவையில்லை, பொருத்துக்கோட்டில் தடித்த முனையைச் செருகித் திருகினால் போதும். எதை எடுத்துப்போனாலும் பைக்குள் வையுங்கள், காரணத்தோடு வையுங்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே மலேசியாவில் குற்றம்.

பாதிக்குப் பாதி என்ற யோசனையைச் சரியாகச் செய்த கருவி ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. பாட்டியின் அரிவாள்மனை. வளைந்த அலகு முழுக்க நேர்வாய், உச்சியில் மட்டும் பல் வைத்த தேங்காய்த் துருவி. இரண்டும் ஒன்றின் வழியில் மற்றொன்று குறுக்கிடாத தூரத்தில் இருக்கின்றன. கெராச்சுட்டிலிருந்து திரும்பியதும் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன், கட்டைவிரலில் துணி சுற்றியிருந்த கையோடு.