டோன்சிச்சை யாரும் வர்த்தகம் செய்யவில்லை

‘டோன்சிச் லேக்கர்ஸ் அணிக்கு வர்த்தகம் செய்யப்பட்டார்.’ 2025 பிப்ரவரியிலிருந்து இந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு வடிவில் படித்துக்கொண்டே இருக்கிறேன். டோன்சிச் ஆடும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. பற்றிய செய்தி தமிழில் வருவதே அபூர்வம். வருகிற நாலு செய்தியிலும், அணிகள் தங்களுக்குள் வீரர்களைக் கொடுத்து வாங்கும் டிரேட் என்றால் வர்த்தகம், டிரேட் முடிகிற கடைசி நாள் ‘வர்த்தகக் காலக்கெடு’. படிக்கிறவர் பாவம், டோன்சிச் ஏதோ ஷூ கம்பெனி விளம்பரத்தில் நடிக்கப்போகிறார் என்றுதான் நினைப்பார்.

ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ‘டிரேட்’ வட ஜெர்மனியின் பழைய மொழியில் தடம், பாதை. காலால் மிதிப்பதைச் சொல்லும் ‘டிரெட்’ அதற்கு உறவு. நடந்து பழகிய தடம், பழகிய தொழில், அப்புறம் தொழிலை ஒட்டிய வாங்கல் விற்றல் என்று பொருள் நகர்ந்தது. ‘ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறு’ என்ற பொருள் இதற்கெல்லாம் பிறகு கிளைத்தது. அமெரிக்க விளையாட்டில் புழங்குவது இந்தக் கடைசிக் கிளை. நம் மொழிபெயர்ப்பாளர் அதற்கு முந்தைய கிளையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வர்த்தகம் வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. ‘வணிகம்’ என்று மாற்றிப் போட்டாலும் தவறு அப்படியேதான் இருக்கும். வர்த்தகம் என்றால் ஒரு பக்கம் சரக்கு, மறுபக்கம் காசு. ஐரோப்பியக் கால்பந்தில் அப்படித்தான் நடக்கிறது. ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குப் பணத்தைக் கட்டி ஆட்டக்காரரை அழைத்துப் போகிறது. என்.பி.ஏ.வில் பணத்தைச் சேர்த்துக் கொடுக்கலாம், ஆனால் அதற்கு ஆண்டு வரம்பு உண்டு. பெரிய வீரர் யாரும் வெறும் காசுக்குக் கைமாறுவதில்லை. ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த உச்சவரம்பைத் தாண்டி நிற்கும் அணி, வெளியே அனுப்பும் சம்பளத்தைவிட மிக அதிகமான சம்பளத்தை உள்ளே எடுக்கவும் முடியாது. டல்லஸ் மேவரிக்ஸ் டோன்சிச்சைக் கொடுத்து அந்தோணி டேவிஸை வாங்கியபோது, அந்த சீசனில் இருவர் சம்பளமும் தலா சுமார் 4.3 கோடி டாலர். ‘நெல்லும் உப்பும் நேரே’ என்று அகநானூற்றில் உப்பு விற்கும் பெண் கூவுவாளே, சரிக்குச் சரி என்ற அந்த ‘நேர்’தான் இங்கே சட்டமாக இருக்கிறது.

அப்படியானால் பண்டமாற்று என்று சொல்லலாமா? செயலுக்குப் பொருந்துகிறது, ஆளுக்குப் பொருந்தவில்லை. மனிதரைப் பண்டம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அங்கே அவர்களை நடத்தும் விதம் கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாலும். ‘கைமாற்று’ கேட்க அழகாக இருக்கும். ஆனால் அது முதல் தேதி திருப்பித் தருகிறேன் என்று வாங்கும் கடன். ‘வீரர் மாற்றம்’ என்றால் ஆட்டத்தின் நடுவே ஒருவர் உட்கார, இன்னொருவர் இறங்குவது. ‘ஆள்மாற்றம்’ ஆள்மாறாட்டத்தை நினைவுபடுத்தி வழக்கு போட வைத்துவிடும். நம் அரசு அலுவலகங்களில் ‘மனமொத்த மாறுதல்’ என்று ஒன்று உண்டு, இரண்டு ஊழியர்கள் பேசி வைத்து ஊரை மாற்றிக்கொள்வது. வடிவம் ஒத்துப்போகிறது, மனம்தான் ஒத்துப்போகவில்லை. சேதி கேட்டு அதிர்ந்துபோனதாக டோன்சிச்சே சொன்னார். டொராண்டோ அணியில் ஒன்பது சீசன் ஆடிய டெமார் டெரோசனை 2018-இல் அனுப்பியபோது அவரிடமும் சம்மதம் கேட்கவில்லை.

எனவே பெயர்ச்சொல்லாக ‘வீரர் பரிமாற்றம்’. ‘பரி’ வடமொழி முன்னொட்டு என்று யாராவது கிளம்பினால், பந்தியில் பரிமாறுவதை அவர் முதலில் நிறுத்தட்டும், பிறகு பேசலாம். வினைச்சொல்லுக்கு எந்தப் புதுச்சொல்லும் வேண்டாம்: கொடுத்து வாங்கினார்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்றால், ‘வர்த்தகம் செய்யப்பட்டார்’ என்ற வாக்கியம் செய்தியில் பாதியை விழுங்கிவிடுகிறது. யார் வந்தார் என்று தெரிகிறது, யார் போனார் என்பது காணோம். கோப்பைக் கனவோ போனவரைப் பொறுத்தும் இருக்கிறது. டெரோசன், யாகோப் போல்டில், ஒரு தேர்வுரிமை (புது இளம் வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ஆகியவற்றைக் கொடுத்து கவாய் லெனார்டையும் டேனி கிரீனையும் வாங்கிய டொராண்டோ ராப்டர்ஸ் 2019-இல் சாம்பியன். அந்தக் கோடையிலேயே லெனார்ட் கிளம்பிவிட்டார் என்றாலும் கோப்பை கோப்பைதான்.

அவர் போய்ச் சேர்ந்த கிளிப்பர்ஸ் அணியின் கதை வேறு. அவருக்குத் துணையாக பால் ஜார்ஜை வாங்க, ஒக்லஹோமா சிட்டி தண்டருக்கு ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும் ஒரே சீசன் ஆடியிருந்த ஷேய் கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் டனிலோ கலினாரியையும் கொடுத்தார்கள். ‘பால் ஜார்ஜ் வர்த்தகம்’ என்றே அன்று எழுதினால், சேதி முழுக்க பால் ஜார்ஜ்தான். 2025-இல் தண்டர் சாம்பியன் ஆனது. அந்த சீசனின் மதிப்புமிக்க வீரர், இறுதித் தொடரின் மதிப்புமிக்க வீரர் என்ற இரண்டு விருதும் கில்ஜஸ்-அலெக்சாண்டருக்கே. கிளிப்பர்ஸ் கொடுத்த உரிமைகளில் ஒன்றை வைத்து 2022-இல் எடுத்த ஜேலன் வில்லியம்ஸ் அவருக்குப் பக்கத்தில் ஆடினார். பால் ஜார்ஜ் 2024-இலேயே பிலடெல்பியா போய்விட்டார். கிளிப்பர்ஸ் இறுதித் தொடரை எட்டவே இல்லை.

தேர்வுரிமை என்று நான் எழுதுவதை மற்றவர்கள் ‘வரைவுத் தேர்வு’ என்கிறார்கள். சட்ட மசோதாவுக்கும் டிராஃப்ட், இளம் வீரர்களை அணிகள் வரிசையில் தேர்ந்தெடுப்பதற்கும் டிராஃப்ட், ஆகவே இரண்டும் வரைவாம். பழந்தமிழில் வரைவு என்றால் திருமணம் என்பதாவது தெரிந்திருக்கலாம்! இதைவிடக் கொடுமை, ஒப்பந்தம் முடிந்து விரும்பிய அணியில் சேரக்கூடிய வீரரை, ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்பதால், ‘இலவச முகவர்’ ஆக்கியது. கோடிக்கணக்கில் சம்பளம் கேட்கிறவர் இலவசமாம்; போதாக்குறைக்கு இன்ஷூரன்ஸ் பாலிசி வேறு விற்பார் போல. கட்டற்ற வீரர் என்று சொன்னால் யாருக்குப் புரியாது? அகராதியின் முதல் வரியை மட்டும் பார்த்து எழுதுகிறவர்கள் ஆட்டத்தைப் பத்து நிமிடமாவது பார்க்க வேண்டும்.

தலைப்பில் இடம் போதவில்லையா, சரி, ‘டிரேட்’ என்றே போடுங்கள். ஐ.பி.எல். வழியாக அது நமக்குப் பழகிவிட்டது. 2023-இல் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குக் காசுக்கு மட்டும் போனாரே, அதை விற்பனை என்று எழுதினால்கூட நான் மறுக்க மாட்டேன். ஆனால் 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் டிரேடில் வருகிறார் என்றதும், பதிலுக்கு யார் போகிறார் என்றுதான் சென்னை ரசிகர்கள் கேட்டார்கள். ஜடேஜாவும் சாம் கரனும் போனார்கள்.