செங்கலுக்கும் பீங்கானுக்கும் நடுவே: யீசிங் கெண்டி வேலை செய்யும் விதம்

யீசிங் கெண்டி என்ற சீன மண்கெண்டியில் தேநீர் போடுபவர்கள், தேயிலையின் மேல் கொதிநீர் ஊற்றி மூடியை வைத்த பிறகு, கெண்டியின் வெளிப்புறத்திலும் ஒருமுறை கொதிநீரை ஊற்றுவார்கள். அப்போது அதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஈரத்தில் மினுங்கும் செம்பழுப்பு மேற்பரப்பு, மூடியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி மங்கிக்கொண்டே வந்து, ஒரு நிமிடம் ஆவதற்குள் முழுவதும் உலர்ந்துவிடும். பக்கத்திலிருக்கும் பீங்கான் கோப்பையின் மீது தெறித்த துளிகளோ அப்படியே உருண்டு நிற்கும். மெருகு பூசாத மண்ணின் நுண்துளைகள் நீரை இழுத்து மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகின்றன. உள்ளிருந்து வரும் சூடு அந்தப் படலத்தை ஆவியாக்கிவிடுகிறது. பழைய கெண்டிகளைத் தேடி வாங்குபவர்கள் பேசும் பெருமைகளில் பெரும்பாலானவை இந்த நுண்துளைகளில் போய்த்தான் முடிகின்றன.

யீசிங், சீனாவின் ஜியாங்சூ மாகாணத்தில் தைஹூ ஏரியின் மேற்குக் கரைப் பக்கம் உள்ள ஊர். அதைச் சேர்ந்த டிங்ஷூ என்ற குயவர் நகரத்துக்கு அருகிலிருக்கும் ஹுவாங்லோங் குன்றின் அடியில், பாறை அடுக்குகளுக்கு நடுவே கிடைக்கும் மண்ணுக்கு ஸிஷா என்று பெயர். ஊதா மணல் என்பது அதன் பொருள். வெட்டியெடுக்கும்போது அது கல்லாகத்தான் இருக்கும். வெயிலிலும் மழையிலும் போட்டு இளகவிட்டு, பொடித்து, சலித்து, நீர் சேர்த்து மரச் சுத்தியலால் அடித்துப் பிசைந்து, பிறகு நெடுநாள் மூடிவைத்துப் பக்குவப்படுத்துவார்கள். அதில் குவார்ட்ஸ், களிமண் கனிமங்கள், அபிரகம் (மைக்கா), இரும்பு ஆக்சைடு ஆகிய நான்கும் ஒன்றாகவே கலந்து கிடக்கின்றன. வேறிடத்துக் குயவர்கள் மணலையும் களியையும் அளந்து சேர்க்க வேண்டியிருக்க, இங்கே அந்தக் கலவையை நிலமே செய்து கொடுத்துவிட்டது.

செங்கலைச் சுடும் வெப்பத்தில் மண்துகள்கள் ஓரங்களில் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் செங்கல் நீரைத் தாராளமாகக் குடிக்கிறது. பீங்கான் 1,300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுடப்படுவதால், உள்ளே கண்ணாடி போன்ற உருகல் பெருகி இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. ஸிஷா சுடப்படுவது ஏறத்தாழ 1,100 முதல் 1,200 டிகிரியில். அந்தச் சூட்டில் உருகல் தொடங்கிவிடும், ஆனால் முடிந்திருக்காது. மண் சிறு சிறு திரள்களாக இருப்பதால், ஒவ்வொரு திரளும் தனக்குள் சுருங்கும்போது திரள்களுக்கு நடுவே சங்கிலித் தொடராக நுண்ணிய இடைவெளிகள் உண்டாகின்றன. திரள்களுக்கு உள்ளேயும் மூடிய துளைகள் சில தங்கிவிடுகின்றன. நீர் கசியாமலும், அதே சமயம் முழுவதும் கண்ணாடியாகிவிடாமலும் இருப்பதற்கு இந்த இரட்டை அமைப்பே காரணம். கொதிநீர் திடீரென்று விழும்போது தோன்றும் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் ஒரு துளையை எட்டியதும் கூர் மழுங்கி நின்றுவிடுகிறது.

நிறத்தைத் தீர்மானிப்பது இரும்பு. சூளையில் காற்றோட்டம் நன்றாக இருந்தால் இரும்பு சிவந்த ஆக்சைடாக நிற்கும். காற்றைக் குறைத்துப் புகையில் சுட்டால் கறுத்த சாம்பல் நிறத்துக்குப் போகும். ஊதாப் பழுப்பாகச் சுடுபடும் மண்ணை ஸினி என்றும், செங்காவியாகச் சுடுபடுவதை ஜூனி என்றும், இரும்பு குறைந்து வெளிர்மஞ்சளாக வருவதை துவான்னி என்றும் சொல்கிறார்கள். இவற்றுள் ஜூனி மிகவும் நுண்ணிய மண். சூளையில் அது மற்றவற்றைவிட அதிகமாகச் சுருங்குவதால் பெரிய கெண்டியாகச் செய்வது கடினம். கைப்பிடியின் அடியிலும் மூக்கின் அடியிலும் மெல்லிய சுருக்கக் கோடுகள் விழும். பழைய ஜூனி கெண்டியில் அந்தக் கோடுகளைப் பார்த்தால் சேகரிப்பவர்கள் மகிழ்வதில் நியாயம் இருக்கிறது.

இந்த மண்ணைப் பாரம்பரிய முறையில் சக்கரத்தில் வைத்து வனைவதில்லை. மரப் பலகையால் தட்டித் தட்டிப் பட்டையாக்கி, அதை வளைத்து உருளையாக ஒட்டி, உள்ளே விரல்களால் தாங்கிக்கொண்டு வெளியே பலகையால் அடித்து வயிற்றை உருட்டுவார்கள். ஒட்டிய தடம் பெரும்பாலும் கைப்பிடிக்கு நேர் உள்ளே மறைந்திருக்கும். மூடியின் பொருத்தமே கைத்திறனின் உரைகல். நீர் நிறைந்த கெண்டியைச் சாய்த்து, மூடியின் குமிழிலுள்ள சிறு துளையை விரலால் அடைத்துப் பாருங்கள்: பொருத்தம் சரியாக இருந்தால் மூக்கிலிருந்து ஒழுகும் தாரை சட்டென்று நின்றுவிடும். உள்ளே காற்று நுழைய வேறு வழியில்லாததால் அழுத்தம் குறைகிறது. வெளியிலிருக்கும் காற்றின் அழுத்தம் நீரைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. விரலை எடுத்ததும் தாரை மீண்டும் தொடரும்.

கெண்டியை முதலில் ஏன் சூடாக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். 150 கிராம் எடையும் 120 மில்லிலிட்டர் கொள்ளளவும் உள்ள கெண்டி 25 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூலும், ஒரு கிராம் சுட்ட மண்ணுக்கு ஏறத்தாழ 0.85 ஜூலும் தேவை. அப்படியானால் 100 டிகிரி கொதிநீரை ஊற்றியதும் நீரும் கெண்டியும் 85 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதே கெண்டியை முன்பே 80 டிகிரிக்குச் சூடாக்கியிருந்தால், 96 டிகிரியில் நிற்கும். ஊலாங் என்ற பாதி ஆக்சிஜனேற்றம் பெற்ற தேயிலையின் மணப்பொருள்கள் பல, நீர் கொதிநிலைக்கு அருகில் இருந்தால்தான் நன்றாக வெளிவருகின்றன. ஆகவே இந்தப் பதினொரு டிகிரி வேறுபாடு நாக்குக்குத் தெரியும். குவாங்டோங்கின் சாவ்சோ பகுதியில் வளர்ந்த கோங்ஃபு முறையில் சிறு கெண்டிக்குள் ஆறேழு கிராம் தேயிலையை அடைத்து, பத்து இருபது நொடிகளில் வடித்து, அதே இலையில் மீண்டும் மீண்டும் நீர் விடுகிறார்கள். மூக்கிலிருந்து நீர் விரைந்து இறங்காவிட்டால், கடைசியாக வடியும் பகுதி தேவைக்கு மேல் ஊறிக் கசந்துவிடும். அதனால் கெண்டி வாங்கும்போது செய்தவரின் முத்திரையைப் பார்ப்பதற்கு முன் நீர் ஊற்றிப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து. பச்சைத் தேயிலைக்கு இத்தகைய சூடு ஆகாது, அது வெந்துபோகும்.

நாள்பட்ட கெண்டிக்கு வரும் பளபளப்புக்கும் வேதியியல் காரணம் உண்டு. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள்களான பாலிஃபீனால்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் நீரிலுள்ள கால்சியத்தோடும் சேர்ந்து பழுப்புப் படலமாகின்றன. ஆறிய தேநீரின் மேல் மிதக்கும் ஏடும் இதே வகையைச் சேர்ந்ததுதான். யீசிங் கெண்டியில் அந்தப் படலம் நுண்துளைகளைப் பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஊறிப் படிகிறது. மணப்பொருள்களும் துளைகளில் சிறிதளவு ஒட்டிக்கொள்வதால், பூஏர் என்ற அழுத்தமான மணமுள்ள தேயிலை போட்ட கெண்டியில் மென்மணமுள்ள ஊலாங்கைப் போட வேண்டாம் என்கிறார்கள். பல ஆண்டுகள் புழங்கிய கெண்டியில் வெறும் வெந்நீரை ஊற்றினாலே தேநீர் கிடைக்கும் என்று சொல்வது மட்டும் மிகை. துளைகள் அவ்வளவைச் சேமித்து வைக்க முடியாது.

காலம் அறியப்பட்ட ஸிஷா கெண்டிகளில் மிகப் பழையது, நான்ஜிங்கில் 1533ஆம் ஆண்டு புதைக்கப்பட்ட வூ ஜிங் என்ற அரண்மனை அதிகாரியின் கல்லறையில் கிடைத்தது. அதன் உடலில் வேறு பாத்திரங்களிலிருந்து தெறித்த மெருகுத் துளிகள் ஒட்டியிருக்கின்றன. அக்காலத்தில் இந்தக் கெண்டிகளைத் தனிப் பேழைக்குள் வைக்காமல், மெருகிட்ட ஜாடிகளோடு ஒரே சூளையில் திறந்தபடியே சுட்டார்கள் என்பதற்கு அந்தத் துளிகளே சான்று. பிற்காலத்தில் கெண்டிகள் கடல் கடந்தன. ஐரோப்பியர்கள் பீங்கானின் மர்மத்தை அறியும் முன் இந்தச் செம்மண்ணைத்தான் போலச் செய்தார்கள். ஜெர்மனியில் பொட்கர் என்ற இரசவாதி வெள்ளைப் பீங்கானை எட்டுவதற்கு முன் உருவாக்கியதும் செந்நிறக் கற்சட்டிப் பொருள்தான்.

முத்திரையை மட்டும் நம்பி வாங்கியவர்கள் ஏமாந்த கதைகள் ஏராளம். மிங் அரச வம்சக் காலத்தின் இறுதியில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஹுய் மெங்சென் என்ற குயவரின் பெயர், அவருக்குப் பின் பல தலைமுறைகள் செய்த கெண்டிகளிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. போலி செய்பவர்கள் புதுக் கெண்டியைத் தேயிலைச் சாற்றில் வேகவைத்தும், மெழுகும் காலணிப் பூச்சும் தேய்த்தும் பழமையை வரவழைக்கிறார்கள். கொதிநீரை ஊற்றி முகர்ந்தால் மண்வாசனையோ தேயிலை வாசனையோதான் வர வேண்டும். எண்ணெய்யோ இரசாயனமோ நெடித்தால் ஒதுக்கிவிடலாம்.

கெண்டியின் வயதை அறிய ஆய்வகத்தில் வெப்ப ஒளிர்வு முறை இருக்கிறது. மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சால் குவார்ட்ஸ் படிகங்களில் எலக்ட்ரான்கள் சிக்கிச் சேர்ந்துகொண்டே போகின்றன. சூளை அவற்றை ஒருமுறை முற்றிலும் காலிசெய்து விட்டதால், கணக்கு அன்றிலிருந்து தொடங்குகிறது. மாதிரியை மீண்டும் பல நூறு டிகிரிக்குச் சூடாக்கும்போது வெளிப்படும் ஒளியைக் கொண்டு வயதைக் கணிக்கிறார்கள். கொதிநீரின் சூடு இந்தக் கணக்கைக் கலைக்கப் போதாது. ஆனால் மாதிரிக்காகக் கெண்டியைத் துளையிட வேண்டும். சிறிய, சுவர் மெலிந்த கெண்டிக்கு அது பெரிய காயம்.

சோப்பை நுண்துளைகள் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், பழைய கெண்டியை வெறும் வெந்நீரில் கழுவுவதே நல்லது. பிறகு மூடியைக் கழற்றித் தனியே வைத்து உலரவிட வேண்டும். வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்துவிட்டாலும் சுவருக்குள் சிக்கிய ஈரம் வெளியேற ஒரு நாள்வரை ஆகும். மூடியோடு அலமாரியில் வைத்த கெண்டியில் சில நாட்களில் வெண்பூஞ்சை பூக்கும். அப்படிப் பூத்தால், குளிர்ந்த நீரில் கெண்டியை அமிழ்த்தி மெல்லச் சூடேற்றிக் கொதிக்கவைத்து, நன்றாக வெயில் காட்டி எடுக்கலாம்.