சர்க்கரை குறையும்போது ஈஸ்ட் என்ன செய்கிறது?

ரொட்டி மாவு எப்படி உப்புகிறது என்று கேட்டால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விடுகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சரி, அந்தச் சர்க்கரை குறைய ஆரம்பித்தால்? ஈஸ்ட்டின் முழுத் திறமையும் வெளியே வருவது அப்போதுதான் என்பேன். அது சும்மா வாடிச் சாவதில்லை. கரைசலில் சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே அளவு பார்த்து, வரப்போகும் பஞ்சத்துக்கு ஏற்பாடுகளைத் தொடங்கிவிடுகிறது. மூளையோ நரம்போ இல்லாத, ஒரு மில்லிமீட்டருக்குள் இருநூறு பேரை வரிசையாக நிறுத்தக்கூடிய அளவிலான ஒற்றைச் செல் இதைச் செய்கிறது.

முதலில் செழிப்பான காலத்தைப் பார்த்துவிடலாம். பேக்கரி ஈஸ்ட்டின் அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ஆய்வுக்கூடத்தில் இதை வழக்கமாக லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் போட்ட கரைசலில் வளர்ப்பார்கள். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டிக்கும். இந்த வேகத்தில் ஓடும் ஒரு செல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2000 ரைபோசோம்களை, அதாவது புரதம் கட்டும் இயந்திரங்களை, புதிதாகக் கட்டுகிறது. ஆனால் இவ்வளவு உணவு இருந்தும், ஆக்சிஜனும் தாராளமாக இருந்தும், அது குளுக்கோஸை முழுதாக எரிப்பதில்லை. பெரும்பகுதியைப் பாதியிலேயே விட்டு எத்தனால் என்ற ஆல்கஹாலாக வெளியே தள்ளிவிடுகிறது. இதற்கு க்ராப்ட்ரீ விளைவு என்று பெயர், 1929இல் ஹெர்பர்ட் க்ராப்ட்ரீ புற்றுக்கட்டிச் செல்களில் இதே மாதிரி ஒன்றைக் கண்டு எழுதியதால். செல் ஆற்றலுக்குச் செலவழிக்கும் நாணயமான ஏடிபி கணக்கில் இது பெரிய நஷ்டம்: இப்படிப் பாதியில் விடும் நொதித்தலில் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபிதான் கிடைக்கும், செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் எரித்தால் அதைப்போலப் பல மடங்கு. ஆனால் ஒரே இலையில் பலர் கைபோடும்போது நிதானமாக ருசித்துச் சாப்பிடுகிறவனுக்கு மிச்சம் கிடைக்காது. ஈஸ்ட் சர்க்கரையை வேகமாக அள்ளிக்கொள்கிறது, வெளியே விட்ட ஆல்கஹால் பக்கத்திலிருக்கும் பாக்டீரியாக்களை முடக்குகிறது, சர்க்கரை தீர்ந்தபிறகு அதே ஆல்கஹாலை ஈஸ்ட்டே எடுத்துச் சாப்பிடுகிறது.

சர்க்கரை குறைவதை அது எப்படித் தெரிந்துகொள்கிறது? செல்லின் மேல்சவ்வில் ஆர்ஜிடி2, எஸ்என்எஃப்3 என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. குளுக்கோஸை உள்ளே கடத்தும் புரதங்களின் அதே ஜாடை, அதே குடும்பம், ஆனால் இவை இரண்டும் எதையும் கடத்துவதில்லை. வெளியே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து உள்ளே தகவல் சொல்வதுதான் வேலை. ஆர்ஜிடி2 அதிக அளவை உணரும், எஸ்என்எஃப்3 குறைந்த அளவை உணரும். கடத்துவதற்கென்று எச்எக்ஸ்டி என்ற பெயரில் பதினைந்துக்கும் மேற்பட்ட புரதங்கள் தனியாக உண்டு. அவற்றில் எச்எக்ஸ்டி1 பாதித் திறனை எட்டவே லிட்டருக்குச் சுமார் 18 கிராம் குளுக்கோஸ் வேண்டும், எச்எக்ஸ்டி7-க்கு 0.2 கிராம் அளவே போதும். சர்க்கரை இறங்க இறங்க, முதல் வகையைச் செல் உள்ளே இழுத்துச் சிதைத்துவிட்டு இரண்டாம் வகையைச் சவ்வில் கொண்டுவந்து வைக்கிறது. கடைசித் துளியையும் வழித்தெடுக்கத்தான்.

உட்கருவுக்குள் நடப்பது இன்னும் அழகு. குளுக்கோஸ் இருக்கும்வரை எம்ஐஜி1 என்ற புரதம் அங்கே உட்கார்ந்துகொண்டு, வேறு சர்க்கரைகளையும் ஆல்கஹாலையும் பயன்படுத்தத் தேவையான மரபணுக்கள் பலவற்றை அடைத்து வைத்திருக்கும். குளுக்கோஸ் குறைந்ததும் எஸ்என்எஃப்1 என்ற நொதி விழித்து எம்ஐஜி1-இன் மேல் பாஸ்பேட்டை ஒட்டும். உடனே அது உட்கருவை விட்டு வெளியேறும், அடைபட்டிருந்த மரபணுக்கள் திறந்துகொள்ளும். இந்த எஸ்என்எஃப்1-க்கு நம் உடம்பிலும் நெருங்கிய சொந்தம் உண்டு, ஏஎம்பிகே என்பார்கள். ஓடும்போது தசைச் செல்லில் ஆற்றல் இறங்கினால் விழிப்பது அதுதான். சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையும் அதைத் தூண்டுகிறது. ஈஸ்ட்டின் பட்டினியைப் பற்றிப் படிப்பதில் மருத்துவ ஆய்வாளர்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு புரதமே போதும்.

குளுக்கோஸ் தீர்ந்து ஆல்கஹாலுக்கு மாறும் இடத்தில் வளர்ச்சி சற்று நேரம் நின்று, பிறகு மெதுவாக மறுபடி ஏறும். வளர்ச்சிக் கோட்டில் இப்படி இரண்டு படிகள் வருவதை பாக்டீரியாவில் கண்டு 1941இல் விவரித்தவர் பாரிஸில் இருந்த ஜாக் மோனோ. ஈஸ்ட்டில் அந்த இடைவேளையில் உள்ளே என்னதான் நடக்கிறது என்பதை 1997இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் டிஎன்ஏ சில்லு (எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று மொத்தமாகக் காட்டும் கண்ணாடித் தகடு) வைத்து, அதன் ஏறக்குறைய 6000 மரபணுக்களையும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். சுமார் 710 மரபணுக்களின் செயல்பாடு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது, 1030 மரபணுக்களில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இறங்கியவற்றில் ரைபோசோம் கட்டும் மரபணுக்கள் கும்பலாக இருந்தன. வெளியே இருந்து பார்த்தால் சும்மா நிற்பது போலத் தெரியும் செல், உள்ளே தொழிற்சாலையையே மாற்றி அமைத்துக்கொண்டிருக்கிறது.

படிப்படியாகக் குறைவது ஒன்று, திடீரென்று அடியோடு இல்லாமல் போவது வேறு. குறைவு மட்டும் என்றால் நன்மைகூட உண்டு: 2000இல் எம்ஐடியில் லியோனார்ட் குவரென்டேயின் குழு, குளுக்கோஸை 2 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தால் ஒரு தாய்ச் செல் தன் ஆயுளில் விடும் மொட்டுகளின், அதாவது பெறும் மகள் செல்களின், எண்ணிக்கை கூடுகிறது என்று காட்டியது. காரணம் என்ன என்பதில் அப்புறம் நிறையச் சண்டை நடந்தது, விளைவு மட்டும் பல ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

திடீரென்று நின்றால் கதையே வேறு. செழிப்பாக வளரும் செல்லைக் குளுக்கோஸே இல்லாத கரைசலுக்கு மாற்றினால், சில நிமிடங்களுக்குள் புதுப் புரதம் கட்டுவது கிட்டத்தட்ட நின்றுவிடும். அமிலத்தை வெளியேற்றும் பம்புகளுக்கு ஏடிபி கிடைக்காததால் உள்ளே அமிலத்தன்மை ஏறும்; நடுநிலையை ஒட்டி இருந்த பிஎச் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 6 வரைக்கும், அதற்குக் கீழேயும் இறங்கும். 2016இல் ஜெர்மனியின் டிரெஸ்டனிலும் ஸ்விட்சர்லாந்தின் சூரிக்கிலும் இருந்த குழுக்கள், செல்லுக்குள் மிதக்கும் பெரிய துகள்களை நுண்ணோக்கியில் பின்தொடர்ந்தன. சர்க்கரை இருக்கும்போது அவை இங்குமங்கும் அலைந்துகொண்டே இருக்கும். ஆற்றல் போனதும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. செல் கொஞ்சம் சுருங்கி உள்ளே நெரிசல் கூடுகிறது, டிரெஸ்டன் குழுவின் முடிவுப்படி அமிலத்தன்மையால் புரதங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கிட்டத்தட்ட திடப்பொருள் மாதிரி ஆகிவிடுகின்றன. இது சேதம் அல்ல, பாதுகாப்பு: அமிலமாவதைத் தடுத்துவிட்டால் பட்டினியில் பிழைக்கும் செல்கள் குறைந்துபோகின்றன. குளுக்கோஸைத் திருப்பிக் கொடுத்தால் சில நிமிடங்களில் துகள்கள் மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

பட்டினி நாட்கணக்கில் நீண்டால் செல்கள் இரண்டு பங்காகப் பிரிகின்றன. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 2006இல் இவற்றை அடர்த்தியை வைத்துத் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார்கள். கனமான பங்கில் பெரும்பாலும் கடைசியாகப் பிறந்த மகள் செல்கள். சுவர் தடித்து, கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையைச் சேர்த்து, பிரிவதை நிறுத்திக் காத்திருப்பவை. இலேசான பங்கு மெல்ல மெல்லச் செத்துப்போகும். ஒரே மரபணு, ஒரே குடுவை, ஆனால் எல்லோருக்கும் ஒரே கதி இல்லை.

காத்திருப்பவை சேர்த்துவைக்கும் இன்னொரு பொருள் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை. தண்ணீர் வற்றினாலும் புரதங்களையும் சவ்வையும் உருக்குலையாமல் காப்பது அது. பேக்கரிக்கு ஈஸ்ட் தயாரிப்பவர்கள் இதையெல்லாம் தொழிலாகவே செய்கிறார்கள். தொட்டியில் மொலாசஸை (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) மொத்தமாகக் கொட்டினால் க்ராப்ட்ரீ விளைவால் பாதிச் சர்க்கரைக்கு மேல் ஆல்கஹாலாகப் போய்விடும். அதனால் காற்றை நன்றாக அடித்துக்கொண்டு, சர்க்கரை எப்போதும் பற்றாக்குறையாகவே இருக்கும்படி சிறுகச் சிறுக ஊற்றுவார்கள். அப்போதுதான் செல் அதை முழுதாக எரித்துத் தன் உடம்பாக மாற்றும். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் உருவான முறை இது, இன்றைக்கும் இதுதான் நடைமுறை. கடைசிக் கட்டத்தில் ஊட்டத்தைக் குறைத்துச் செல்களை ட்ரெஹலோஸ் சேர்க்க வைத்து, அதற்குப் பிறகுதான் உலர்த்துவார்கள். கடையில் வாங்கும் உலர் ஈஸ்ட் அலமாரியில் மாதக்கணக்கில் உயிரோடு இருப்பது இதனால்தான். பழைய ரக, குருணை மாதிரி இருக்கும் உலர் ஈஸ்ட்டைப் பச்சைத்தண்ணீரில் போட்டால், காய்ந்த சவ்வு சரியாக மூடிக்கொள்வதற்குள் உள்ளே இருப்பது கசிந்துவிடும். 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள், பெரும்பாலானவை எழுந்துவிடும்.