கரையொதுங்கிய பறவையைக் கடலில் எறியாதீர்கள்

இந்தத் தென்மேற்குப் பருவக்காற்றில் குமரிக் கரையிலிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வந்த மூன்றாவது ஆலா என்ற கடற்பறவை அது. கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, வெள்ளை நெற்றி, பிளவுபட்ட வால் என்று பார்த்தவுடனே சூட்டி டேர்ன் என்ற ஆலா வகை எனத் தெரிந்தது. "மூணு தடவை கடல்ல விட்டோம் டாக்டர், அலை திரும்பவும் கரைக்கே தள்ளிட்டு" என்றார் கொண்டுவந்த இளைஞர். இறகுகள் ஊறி உடலோடு ஒட்டியிருந்தன. மார்பெலும்பு கத்தி விளிம்பு போல விரலில் தட்டுப்பட்டது. ஒரு மணி நேரத்தில் இறந்துவிட்டது.

கடற்பறவை என்றால் கடலில்தானே மிதக்கும் என்கிறார்கள். சூட்டி டேர்னின் இறகுகள் எளிதில் நீரில் ஊறிவிடும் என்பதால், அது இனப்பெருக்கத்துக்குத் தரையிறங்கும் காலம் தவிர மற்ற நாட்களில் நீரில் அமராமல் பறந்தபடியே வாழ்ந்து, மேற்பரப்புக்கு வரும் மீனைப் பறந்தவாறே கவ்விக்கொள்கிறது. ஃபிரிகேட் என்ற கடற்பறவையும் அப்படித்தான். பசியில் விழுந்த இவற்றை அலையில் எறிவது காப்பாற்றுவது அல்ல, மூழ்கடிப்பது. ஷியர்வாட்டர், பூபி என்ற வேறு கடற்பறவைகள் நன்றாக நீந்தும். ஆனால் தெம்பிருந்தால் அவை உங்கள் கைக்கு அகப்பட்டிருக்கவே மாட்டா.

அலகின் மேல் சிறு குழாய் போல மூக்கு இருந்தால் அது ஷியர்வாட்டர். அதன் கால்கள் உடலின் பின்புறம் தள்ளி அமைந்திருப்பதால் தரையில் சரியாக நிற்காது. கால் ஒடிந்துவிட்டதென்று குச்சி வைத்துக் கட்டிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. நான்கு விரல்களும் சவ்வால் இணைந்து, அலகு ஈட்டி போல நீண்டிருந்தால் பெரும்பாலும் பூபி. அதன் வெளி மூக்குத்துளைகள் அடைபட்டவை, வாயோரமாகவே மூச்சு விடும். கொத்துகிறதென்று அலகை ரப்பர் பேண்டால் இறுக்கிவிடாதீர்கள்.

தலை, அலகின் பக்கவாட்டுத் தோற்றம், கால் ஆகியவற்றைப் படமெடுங்கள், போதும், செல்ஃபி வேண்டாம். பறவைக் காய்ச்சல் இருக்கக்கூடும் என்பதால் கையுறை அணிந்து, முகத்துக்கு எட்டாதவாறு துண்டால் போர்த்தித் தூக்கி, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருப்பதால் ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். பிஸ்கட்டும் சோறும் கொடுக்கவே வேண்டாம். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது வீட்டில் வைத்து வளர்க்க எண்ணாதீர்கள்.

இறந்து கிடந்தாலும் காலைப் பாருங்கள். ஆய்வாளர்கள் அடையாளத்துக்காக மாட்டிய வளையம் இருந்தால் அதிலுள்ள எண்ணையும் எழுத்துகளையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்புங்கள், தயவுசெய்து கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.