சீல் பிரிக்காத செட், உள்ளே களிம்பு ஏறிய காசு

கீழக்கரையிலிருந்து வந்த நீல நிற பிளாஸ்டிக் உறை ஒன்று மேஜைமேல் கிடக்கிறது. 1971 பிப்ரவரி 15 அன்று பிரிட்டன் தசம நாணய முறைக்கு மாறியதை ஒட்டி நினைவுப் பொருளாக விற்கப்பட்ட செட். உள்ளே ஐந்து காசுகள். 1968 என்று ஆண்டு போட்ட பத்து பென்ஸும் ஐந்து பென்ஸும் செம்பு-நிக்கல். 1971 போட்ட இரண்டு, ஒன்று, அரை பென்னி மூன்றும் வெண்கலம். வெண்கலக் காசுகளின் விளிம்பைச் சுற்றிப் பச்சை. ராணியின் கழுத்துக்குக் கீழே எண்ணெய் தடவியதுபோல ஒரு ஈரப் பளபளப்பு, தொட்டால் விரலில் ஒட்டும். ஐம்பது வருடமாக வீட்டில் யாரும் அதைத் திறக்கவே இல்லை. "பிரிச்சா மதிப்பு போயிடும்னு வாப்பா சொல்லிட்டுப் போனாங்க" என்கிறார்கள்.

இந்த மாதத்தில் மட்டும் இப்படி வந்த மூன்றாவது செட் இது. மூன்று வீட்டிலும் ஒரே வாசகம்: சீல் பிரிக்கக் கூடாது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிரிக்காத செட்டுக்குச் சந்தையில் கூடுதல் விலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவர் எதற்காகக் கூடுதலாகக் கொடுக்கிறார்? உள்ளே இருக்கும் காசு நாணயச்சாலையிலிருந்து வந்த அன்றைய நிலையிலேயே இருக்கும் என்ற நம்பிக்கைக்காக. பச்சை பூத்த காசை உள்ளே வைத்துக்கொண்டு மேலே சீல் அப்படியே இருக்கிறது என்று காட்டினால் யாரும் அந்தப் பணத்தைத் தரமாட்டார்கள். சீலும் அட்டையும் பெட்டியும் காசுக்காக வந்தவை. காசு போய்விட்டால் அவற்றுக்குத் தனியாக ஒரு விலையும் இல்லை.

இரண்டாவது, சீல் வைத்துவிட்டால் உள்ளே காற்று போகாது என்ற நினைப்பு. இதுதான் எல்லாக் கேட்டுக்கும் வேர். நம் ஊரில் ஐப்பசி மாதம் கடையில் வாங்கிய அப்பளக் கட்டைப் பாருங்கள். பாக்கெட் பிரிக்கவில்லை, ஆனாலும் நமத்துப்போயிருக்கும். அதுபோன்ற பிளாஸ்டிக்தான் காசைச் சுற்றியும் இருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் வழியாக நீராவி மெதுவாகப் புகுந்துகொண்டே இருக்கும். காசை மூடும் கடினமான பிளாஸ்டிக் கூடான கேப்ஸ்யூலாக இருந்தாலும் ஒட்டிய விளிம்பில் மயிரிழை இடைவெளி உண்டு. பகலில் மாடி அறை பீரோவுக்குள் சூடு ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வருடம் முழுக்க, தினம் ஒருமுறை அந்தக் கேப்ஸ்யூல் மூச்சுவிடுகிறது.

அது இழுப்பது எந்தக் காற்றை? மண்டபம், பாம்பன் பக்கம் வாடைக்காற்று அடித்தால் வடகடல் சாரல், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் தென்கடல் சாரல். ஏதாவது ஒரு பக்கத்து உப்பு வீட்டுக்குள் வந்துகொண்டேதான் இருக்கும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். சமையலறை உப்பு ஜாடி நசநசப்பது அதனால்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு உப்புத் துகள் ப்ரூஃப் காசின் (சேகரிப்பாளருக்காகக் கண்ணாடிபோல மெருகேற்றி அடித்த காசு) கண்ணாடிப் பரப்பில் உட்கார்ந்து கரைந்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளி விழும். முதலில் மங்கலாகத் தெரியும், பிறகு பழுப்பாகும், செம்பாக இருந்தால் பச்சையாகும். வெளிர்பச்சைப் பொடியாக உதிர ஆரம்பித்தால் குளோரைடு உலோகத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது என்று பொருள். அது நாணயத்தைத் தின்றுகொண்டே போகும்.

வெள்ளிக் காசு என்பதால் பயமில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். நம் அரசு நாணயச்சாலைகள் பல ஆண்டுகளாக வெளியிட்ட 100 ரூபாய் நினைவு நாணயத்தில் வெள்ளி 50 சதவீதம்தான். மீதி செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. கிட்டத்தட்ட பாதி செம்பு. 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் 80 சதவீத வெள்ளி, அது கொஞ்சம் தாங்கும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரில் செட்டில் வரும் சில்லறைக் காசுகள் இரும்பு 83, குரோமியம் 17 கலந்தவை. கடற்கரையில் அவற்றிலும் டீக்கறை மாதிரி துருப்புள்ளி விழும்.

உறையைப் பாருங்கள்

எல்லாச் செட்டையும் பிரிக்கச் சொல்லவில்லை. உறையின் தன்மையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா நாணயச்சாலைகளிலிருந்து வந்த செட், காசு கடினமான, தெளிவான பிளாஸ்டிக்கில் இருக்கிறது, உட்பக்கம் புகைபோல மங்கவில்லை, காசில் புள்ளி இல்லை என்றால் கையை வைக்காதீர்கள். தூசி தட்டவும் வேண்டாம். வெளி அட்டைப்பெட்டியையும் வெல்வெட் பெட்டியையும் மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அட்டை, ஒட்டுப்பலகை, சாயம் போட்ட துணி, பசை எல்லாமே வருடக்கணக்கில் அமிலமோ கந்தகமோ கசியவிடும். நாணயச்சாலை கொடுத்த பெட்டிதானே என்று கேட்பார்கள். அந்தப் பெட்டி பரிசாகக் கொடுக்க அழகாகச் செய்யப்பட்டது, முப்பது வருடம் பாதுகாக்க அல்ல.

தனியார் விற்பனையாளர்கள் கட்டித் தரும் செட் வேறு கதை. புழக்கத்திலுள்ள காசை வாங்கி, தங்க முலாம் பூசி, எண் போட்ட சான்றிதழ் வைத்து விற்பார்கள். அந்தச் சான்றிதழ் நாணயச்சாலையுடையது அல்ல. முலாம் பூசியதாலேயே சேகரிப்பாளரிடம் அந்தக் காசின் மதிப்பு போய்விட்டது. அப்படிப்பட்ட உறையைக் கட்டிக் காப்பதில் பொருளில்லை.

மூன்றாவது வகைதான் அவசரம்: மடக்கினால் வளைகிற, மென்மையான, புது ரெயின்கோட் வாசனை வருகிற உறை. அது பிவிசி. மென்மைக்காகச் சேர்த்த பொருள் வெளியே வழியும், பிளாஸ்டிக் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த நினைவுச் செட்டுகளில் இந்த வகை உறை நிறைய. இதைப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், காசை வெளியே எடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. உறையின் மூலையில் நெல்மணி அளவு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு செம்புக் கம்பியைக் குறடால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். மின்வயரிலிருந்து உரித்த கம்பி என்றால் கவனம், வயரின் மேலுறையே பிவிசிதான். அதன் துணுக்கு ஒட்டியிருந்தால் சோதனை பொய் சொல்லும். தீயில் பச்சை வருவது நிற்கும்வரை கம்பியைக் காய்ச்சுங்கள். பிறகு சூடான கம்பியை அந்தத் துணுக்கில் தொட்டு மறுபடி தீயில் காட்டினால், சுடர் பளிச்சென்று பச்சையானால் அது பிவிசி. இதை வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள். புகையை முகராதீர்கள்.

எடுக்கும் முறை

முதலில் படம் எடுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், சீல், ஸ்டிக்கர், சான்றட்டை. பிறகுதான் கத்தி. நேரம் முன்பகல் பத்திலிருந்து பன்னிரண்டுக்குள், கடற்காற்று எழுவதற்கு முன். கீழே மெத்தென்ற துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், விழுந்தால் விளிம்பு நசுங்காது. மென்மையான உறையைக் காசுக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தில் வெட்டுங்கள். கடின உறையை மூலையில் மெல்லிய தகடு செருகி மெதுவாகப் பிளக்க வேண்டும். திருப்புளி வைத்து நெம்பினால் அது வழுக்கி நேராகக் காசின் முகத்தில்தான் போய் நிற்கும். பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை போடுங்கள். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். ப்ரூஃப் காசில் பட்ட விரல் ரேகை சில மாதத்தில் பழுப்பாகப் பதிந்துவிடும், எதைப் போட்டாலும் போகாது. காசின்மேல் குனிந்து பேசவும் வேண்டாம், தெறிக்கும் எச்சில் துளி ஒவ்வொன்றும் கரும்புள்ளியாகும்.

பிவிசிப் பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோன் தேவை. ரசாயனக் கடையில் கிடைக்கும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள், பிளாஸ்டிக் டம்ளர் கரைந்துவிடும். ஒரு காசுக்கு 50 மில்லி. முதல் கிண்ணத்தில் ஐந்து நிமிடம், இரண்டாவதில் புதிய அசிட்டோனில் ஒரு நிமிடம். எடுத்து விளிம்பில் நிறுத்தி வைத்தால் தானே காயும். பிசுக்கு விடாவிட்டால் மூடி வைத்து ஓர் இரவு. தேய்ப்பது எந்த நிலையிலும் கிடையாது. அடுப்பு, ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது. வண்ணம் அச்சடித்த காசை அசிட்டோனில் போடாதீர்கள், வண்ணம் கழன்று வந்துவிடும்.

கடற்கரைக் காசுக்கு இன்னொரு படி உண்டு. அசிட்டோன் உப்பைக் கரைக்காது. அதனால் முதலில் டிஸ்டில்டு வாட்டரில் பதினைந்து நிமிடம், தண்ணீரை மாற்றி மூன்று தடவை, அதன் பிறகே அசிட்டோன். குழாய்த் தண்ணீர் கூடாது. இந்தக் கரையில் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடத்தில் உப்பு, காவிரிக் கூட்டுக்குடிநீரில் குளோரின். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கினால் சீட்டைப் படித்து வாங்குங்கள், பக்கத்திலேயே பேட்டரி ஆசிட் கேனும் இருக்கும்.

அசிட்டோன் பிசுக்கை எடுக்கும், அந்தப் பிசுக்கால் வரும் அரிப்பை நிறுத்தும். ஏற்கெனவே விழுந்த குழியை நிரப்பாது.

இனி ஒரு கெஞ்சல். புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை, பித்தளை பாலிஷ், இவற்றில் எதையும் காசில் போடாதீர்கள். குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்யாதீர்கள். பற்பசையில் இருப்பது தேய்க்கும் பொடி. ப்ரூஃப் காசின் கண்ணாடிப் பரப்பில் அது ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான மயிரிழைக் கீறல் போடும். வெளிச்சத்தில் சாய்த்தால் வாங்குகிறவருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். களிம்பு பிடித்த காசையாவது கொஞ்சம் காப்பாற்றலாம், தேய்த்த காசைக் காப்பாற்ற வழியே இல்லை.

எடுத்த காசை பி.இ.டி. (PET) பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த அட்டை ஃபிளிப்பில், அதாவது காசை நடுவே வைத்து மடித்து ஸ்டேப்ளர் அடிக்கும் அட்டையில், வையுங்கள். மடக்கினால் சரசரவென்று சத்தம் வரும், அதுதான் சரியான பிளாஸ்டிக். ஸ்டேப்ளர் முள்ளைக் குறடால் தட்டையாக அழுத்துங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். பெரிய நினைவு நாணயத்துக்கு அளவான அக்ரிலிக் கேப்ஸ்யூல் வாங்குங்கள், 44 மில்லிமீட்டர் காசுக்கு 44 மில்லிமீட்டர். பெரிதாக வாங்கினால் உள்ளே ஆடி விளிம்பு தேயும். ஒரு செட்டின் எல்லாக் காசையும் ஒரே கவரில், பழைய உறை, சான்றட்டை, கையேடு ஆகியவற்றைத் தனிக் கவரில் போட்டு, இரண்டிலும் ஒரே எண் எழுதுங்கள். பிரித்த தேதியும் காரணமும் அதில் இருக்கட்டும். இப்படி வைத்த செட் கலைந்த செட் ஆகாது, விற்கும்போது முழுசாகக் காட்டலாம். நாலு காசில் ஒன்றை மட்டும் தனியாக விற்றால்தான் செட் உடைகிறது. மீதி மூன்றுக்கு முக்கால் பங்கு விலை கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இவற்றை இறுக்கமான மூடியுள்ள ஐந்து லிட்டர் பாலிபுரோப்பிலீன் டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். ஜெல் காசில் படக் கூடாது. உள்ளே சின்ன ஈரப்பதமானி ஒன்று, 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆரஞ்சு ஜெல் நிறம் மாறினால் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். வங்கி லாக்கர் கள்ளனுக்குத்தான் காவல், ஈரத்துக்கு இல்லை. அங்கேயும் இதே டப்பாதான். அந்துருண்டை போடவே கூடாது, சில பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது. ஓலைக்குடா, தங்கச்சிமடம் பக்கம் வீட்டு வாசலில் கடற்பாசியோ கருவாடோ காயப்போடுகிறவர்கள் டப்பாவைப் பின்கட்டு அறையில் வையுங்கள். அழுகும் பாசி விடும் கந்தக வாயுவில் வெள்ளி சில வாரத்தில் கறுக்கும்.

பழைய செட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரில் வரும் அழைப்புக்குப் பதில் சொல்லாதீர்கள். அப்படி எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.

கீழக்கரைக் காசுகளில் பத்து பென்ஸும் ஐந்து பென்ஸும் ஒரே குளியலில் தெளிந்துவிட்டன. இரண்டு பென்னியில் பிசுக்கு போய் விளிம்பில் மூன்று குழிகள் நிற்கின்றன. அரை பென்னி இன்னும் அசிட்டோனில் கிடக்கிறது. உங்கள் பீரோவில் அப்படியொரு உறை இருந்தால், வாடை தொடங்குமுன், புரட்டாசிக்குள் எடுத்துப் பாருங்கள். முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள்.